ஓடுகிற போனைத் திருத்துகிறவர்

பழுதான பொருளைத் திருத்துகிறவரை உங்களுக்குத் தெரியும். பாவம், நல்ல மனிதர். பழுதானது அவரிடம் போகும், திருந்தினால் வீட்டுக்கு வரும், திருந்தாவிட்டால் அவருடைய மேசைக்குக் கீழே கிடக்கும். அவரால் உலகத்துக்கு ஒரு கெடுதியும் இல்லை, ஆகவே அவரைப் பற்றி இங்கே பேச்சும் இல்லை. இங்கே பேச்சு, ஓடுகிற பொருளைத் திருத்துகிறவரைப் பற்றி. இவர் தனி இனம்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது? மிகவும் சுலபம். உங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் அமர்ந்து, தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மேலே சுற்றுகிற காற்றாடியை அண்ணாந்து பார்த்து, "உது ஏன் உப்பிடிச் சத்தம் போடுது?" என்று கேட்பவர் எவரோ அவர்தான் இவர். அந்தக் காற்றாடி வாங்கிய நாளிலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் சுற்றுகிறது. உங்கள் பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நித்திரை கொண்டு வளர்ந்தார்கள். ஆனால் அவர் கேட்டுவிட்டாரே! பொழுது சாயும்போது காற்றாடி நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும், நீங்கள் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருப்பீர்கள், அவர் கையைத் துடைத்தபடி "மோட்டர் பிழை எண்டு நான் அப்பவே சொன்னனான் எல்லோ" என்பார். அவர் சொன்னபோது மோட்டர் சரியாகத்தான் இருந்தது.

போன் என்ற சாமான் வந்த பிறகு இவர்களுக்கு நல்ல மேய்ச்சல். காற்றாடியைக் கழற்ற ஏணி வேண்டும். போனுக்கு அதுவும் வேண்டாம்.

அவர் ஒரு போனைக் கையில் வாங்குவதே ஒரு சடங்கு. முதலில் உள்ளங்கையில் வைத்து நிறை பார்ப்பார். பிறகு அதன் முதுகைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பார். பிறகு கண்ணாடியில் விரலை மேலும் கீழும் இழுத்து, பல்லுக்கிடையில் காற்றை உறிஞ்சி, "கொஞ்சம் இழுபடுது, என்ன?" என்பார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "ஓம், கொஞ்சம் இழுபடுதுதான்" என்பீர்கள். "இல்லை, என்ரை போன் நல்ல கெதியாய் ஓடுது" என்று சொன்ன மனிதர் இன்னும் பிறக்கவில்லை. அந்த ஒரு 'ஓம்' அவருக்குக் காணும். சட்டைப் பையிலிருந்து திறப்புக் கோர்வை வெளியே வரும். அதில் வீட்டுத் திறப்பு இருக்கிறதோ இல்லையோ, சிம் தட்டைக் கிளப்புகிற ஊசி இருக்கும். "இதை முதல் ஆர் பாத்தது?" என்று அடுத்த கேள்வி வரும். நேற்றுக் கடையிலிருந்து வந்த புதுப் போனாக இருந்தாலும் அந்தக் கேள்வி வரும். கடைசியாக மூன்று மந்திரம். "சின்ன வேலை." "ரெண்டு நிமிசம்." "ஒண்டும் அழியாது." மூன்றாவது மந்திரம் காதில் விழுந்ததும் போனைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் தப்பிக்கொள்வார்கள். மற்றவர்கள் மரியாதைக்காரர், இருந்து அனுபவிப்பார்கள்.

இந்த இனத்தின் கலப்பில்லாத விதைநெல் ஒன்று பரந்தன் சந்தியில் இருக்கிறது. பெயர் கோகுலன். வயது நாற்பது. தனியார் பஸ்களுக்கு நேரம் பார்த்து விடுகிற உத்தியோகம். மைத்துனர் சுவிஸிலிருந்து ஒரு போன் அனுப்பியிருந்தார். வந்த அன்று அது நன்றாக ஓடியது. அதுதான் அது செய்த குற்றம்.

ஒரு போனுக்குள் ஒரே ஒரு சிஸ்டம் இருப்பதைக் கோகுலனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "ஒரு வாசல் வைச்ச வீடு மாதிரியப்பா இது. நெருப்புப் பிடிச்சால் எதாலை ஓடுறது?" என்று மனைவி கௌசலாவிடம் கேட்டார்.

"எங்கடை வீட்டுக்கே ஒரு வாசல்தானே," என்றாள் கௌசலா. "அதைப் பற்றி ஒருநாளும் யோசிக்கேல்லையே?"

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இந்த இனம் பதில் சொல்வதில்லை. வந்த சிஸ்டத்தை அழிக்காமல் அதற்குப் பக்கத்தில் இரண்டாவது ஒன்றைக் குடியேற்றினார். அதற்குப் பக்கத்தில் மூன்றாவது. இனிப் போனை எழுப்பினால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும், எந்த வாசலால் உள்ளே போகப் போகிறாய் என்று கேட்கும். அந்தப் பட்டியலை அவர் பஸ்ஸுக்கு நிற்கிற சனத்துக்கெல்லாம் காட்டினார். காட்டுவதற்கு அது நன்றாகத்தான் இருந்தது. முதலாவதில் பேசலாம், ஆனால் கமரா திறக்காது. இரண்டாவதில் கமரா சோக்காய் இருக்கும், ஆனால் பேசினால் மற்றப் பக்கத்துக்குக் கேட்காது. மூன்றாவதில் எல்லாமே திறம், சிம்மை மட்டும் அது கண்டுகொள்ளாது. ஆக, ஒரு முழுப் போனை அவர் மூன்று முக்கால் போனாக்கி வைத்திருந்தார். இரண்டாவதில் இருக்கும்போது யாராவது அழைத்தால், அதை அணைத்து, பட்டியலுக்கு வந்து, முதலாவதை எழுப்பி, அது கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்புவதற்கிடையில் அழைத்தவர் பஸ் பிடித்து நேரே வந்து இறங்கிவிடுவார்.

நேரத்தின் கதை இன்னும் விசேஷம். முதலாவது சிஸ்டம் சரியான நேரம் காட்டும். இரண்டாவது ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். மூன்றாவது இன்னும் 1970ஆம் ஆண்டிலேயே குடியிருந்தது. நேரம் பார்ப்பவரின் கையில் இப்படி ஒரு போன்! "முல்லைத்தீவு வண்டி, ஒன்பதுக்கு எடு!" என்று கோகுலன் கத்தினால், ட்ரைவர் ரூபன் தலையை வெளியே நீட்டி, "எந்த வருசத்து ஒன்பது, அண்ணை?" என்று கேட்பான். உண்மையைச் சொன்னால், பரந்தனிலிருந்து பஸ்கள் நேரத்துக்குப் போனதற்குக் காரணம் எதிர்த் தேத்தண்ணிக் கடையின் சுவர் மணிக்கூடு.

இடப் பிரச்சினையை ஏன் கேட்கிறீர்கள்? அப்பன் விட்டுப்போன வயலை மூன்று பிள்ளைகள் பிரித்தால் என்ன நடக்கும்? ஆளுக்கொரு துண்டு, துண்டுக்கு நாலு பக்கமும் வரம்பு. வரம்பு கட்டியே வயல் முடிந்துபோகும். கோகுலனின் போனுக்குள்ளும் அதுதான் நடந்தது. படம் ஒன்று எடுத்தால் 'இடமில்லை' என்றது. 'இடமில்லை' என்ற அறிவித்தலை வைக்கவும் ஒருநாள் அதற்கு இடமிருக்கவில்லை. அப்போதும் கோகுலனின் மனதில் ஒரு சொட்டுக் கவலை வரவில்லை. அவருக்கு அது பிரச்சினை அல்ல, பொழுதுபோக்கு.

இப்படியே தன் போனைத் தானே வதைத்துக்கொண்டு இருந்திருந்தால் ஊருக்கு நட்டமில்லை. வில்லங்கம் ஞானேஸ்வரியின் பசுவோடு வந்தது.

ஞானேஸ்வரி முல்லைத்தீவு றோட்டால் உள்ளே போகிற குடியேற்றத்தில் இருக்கிறவர். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். புருசன் இல்லை. மகள் யதுர்ஷிகா வவுனியாவில் தாதிப் படிப்பு. அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் மகளுக்கு பஸ் காசு போவதும் ஒரு சிவப்புப் பசுவின் பாலில்தான். மாரி மழைக்குக் காலபோக நெல் விதைத்தால் மாடுகளை வயல் பக்கம் வைத்திருக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டளை. எல்லா மாடுகளையும் ஒன்றாய்ச் சாய்த்து ஓட்டிக் காட்டோரத்து மேய்ச்சலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அறுவடை முடியத் திருப்பிக் கொண்டுவருவார்கள். இந்த முறை திரும்பி வந்தபோது சிவப்புப் பசு தன்னுடையது என்று தங்கராசா நின்றார். தங்கராசாவிடம் ஏற்கெனவே ஒரு பட்டி மாடு உண்டு. பட்டி பெருத்தவருக்குப் பார்க்கிற மாடெல்லாம் தன்னுடையது போலத்தான் தெரியும். சுட்ட குறியைப் பார்த்துத் தீர்ப்போம் என்றால், கன்றில் சுட்ட குறி மாடு வளர வளர விரிந்து, இப்போது வட்டம் என்றாலும் சரி, பூசணிக்காய் என்றாலும் சரி என்கிற மாதிரிக் கிடந்தது.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புத் தலைவர் நல்லதம்பி இரண்டு பக்கத்தையும் கேட்டார். "சனிக்கிழமை கூட்டத்திலை ஆர் ஆதாரம் காட்டுறியளோ, மாடு அவைக்கு. அதுவரைக்கும் மாடு ஒரு பொதுவான இடத்திலை நிக்கட்டும்," என்றார். பொதுவான இடம் எது என்று யோசித்தார். அவருடைய வீட்டு முற்றம் என்று முடிவாயிற்று. பாலும் பொதுவாக அங்கேயே கறக்கப்பட்டது. தலைவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கிழமை முழுக்கப் பாலில்லாத வெறும் தேத்தண்ணி குடிக்கவில்லை.

ஞானேஸ்வரியிடம் ஆதாரம் இருந்தது. சில வருடங்களுக்கு முந்தி, சிவப்புப் பசு கன்றாக இருந்தபோது, ஒரு பட்டிப்பொங்கலுக்கு யதுர்ஷிகா குறி சுட்ட காயம் ஆறாத கன்றுக்கு மாலை போட்டு, தன் தாயைப் பக்கத்தில் நிற்க வைத்து, தாயின் போனாலேயே எடுத்த படம். குறி அதில் கண்ணாடி போலத் தெரியும், வட்டத்துக்குள் ஒரு கோடு. அதைப் பெரிதாக அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்தால் கதை முடிந்தது. செவ்வாய்க்கிழமை அவர் சந்திக்கு வந்தார். அச்செடுக்கிற கடை கோகுலன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் கடை, ஆனால் படத்தைப் போனால் அனுப்பினால்தான் அங்கே அச்செடுப்பார்கள். ஞானேஸ்வரியின் போனில் டேட்டா முடிந்திருந்தது.

"தம்பி, இந்தப் படத்தை உந்தக் கடைக்கு ஒருக்கால் அனுப்பி விடுங்கோ. டேட்டா இல்லை. எனக்கு இந்த ஒரு படம் போனால் காணும்."

ஒரு விரல் வேலை. கோகுலன் போனை வாங்கினார். நிறை பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். படம் கண் முன்னால்தான் இருந்தது, மாலை போட்ட கன்றும் சிரிக்கிற ஞானேஸ்வரியும். ஆனால் அவருடைய கண் படத்தில் நிற்கவில்லை. மேலே ஒரு மூலையில் சிறிய எழுத்தில் 'சேமிப்பிடம் நிரம்பப் போகிறது' என்று கிடந்தது. நெருப்பைக் கண்ட விட்டிலுக்கு வேறு என்ன தெரியும்?

"படம் கிடக்கட்டும் அக்கா. உங்கடை போன் மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு. முதல் இதைத் துப்பரவாக்கித் தாறன்."

"வேண்டாம் தம்பி, அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும். படத்தை மட்டும்..."

"சின்ன வேலை. ரெண்டு நிமிசம். ஒண்டும் அழியாது."

ஞானேஸ்வரி மரியாதைக்காரர். வாங்கில் அமர்ந்தார்.

இந்த இனத்திடமும் ஒரு நல்ல குணம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அழிப்பதற்கு முன் பிரதி எடுப்பார்கள். பிரதியை எங்கே வைப்பார்கள் என்பதில்தான் வினை. கோகுலன் ஒரு வயரால் இரண்டு போனையும் தொடுத்து, ஞானேஸ்வரியின் படங்கள் எல்லாவற்றையும் தன் போனின் மூன்றாவது சிஸ்டத்துக்குள் இறக்கினார். அதற்குள் ஏற்கெனவே ஊராரின் பிரதிகள் மூச்சு முட்டக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். பிறகு ஞானேஸ்வரியின் போனை முழுதாகத் துடைத்தார். பிறந்த குழந்தை போல அது எழும்பி, "வணக்கம், எந்த மொழி வேண்டும்?" என்று கேட்டது.

"பாத்தியளோ? இப்ப பறக்கும்!"

"படம் எங்கை தம்பி?"

படம் போனுக்குள் செருகியிருந்த சின்ன மெமரி கார்டில் இருக்க வேண்டும். 'இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை' என்றது போன். போன வருடம் ஒரு நாள், கேட்காமலே, அந்தக் கார்டைப் போனோடு ஒட்டி, அதுவும் போனின் ஓர் அறை என்று ஆக்கிவைத்தவர் கோகுலனேதான். அப்படி ஒட்டினால் போன் அந்த அறையைப் பூட்டி, திறப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். வீட்டைப் பூட்டித் திறப்பை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, இன்றைக்கு அலுமாரியைக் கொளுத்தியாயிற்று.

"பயப்பிடாதேங்கோ அக்கா. எல்லாம் என்ரை போனிலை பத்திரமாய்க் கிடக்கு," என்று தன் போனின் மூன்றாவது வாசலைத் தட்டினார். திரையில் ஒரு சிறிய வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது. சுற்றிக்கொண்டேயிருந்தது. ஓமந்தை பஸ் வந்து போனது. வட்டம் சுற்றியது.

"நாளைக்கு வாங்கோ அக்கா," என்றார் கோகுலன். குரலில் அந்த மூன்று மந்திரத்தின் மிடுக்கு இல்லை.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர் அந்தப் போனோடு பட்ட பாட்டை நாய் படாது. ஒலி கூட்டுகிற பொத்தானையும் எழுப்புகிற பொத்தானையும் சேர்த்து அமத்திப் பார்த்தார். குறைக்கிற பொத்தானோடு அமத்திப் பார்த்தார். இரண்டையும் விட்டுவிட்டுக் கும்பிட்டுப் பார்த்தார். இடம் போதாமல்தான் எழும்புதில்லை என்று கண்டுபிடித்து, முதலாவதின் வரம்பை வெட்டி மூன்றாவதுக்குக் கொஞ்ச இடம் கொடுத்தார். அந்தளவில் மூன்றாவதின் நோய் உண்மையில் தீர்ந்துவிட்டது. ஆனால் முதலாவது படுத்துவிட்டது. முதலாவதை எழுப்பப் போக இரண்டாவது படுத்தது. எல்லாவற்றுக்கும் மருந்தாக, வட்டம் சுற்றுகிற ஒவ்வொரு முறையும் பொறுமை கெட்டு, அணைத்து, அதன் தற்காலிகக் குப்பையைத் துடைத்து, மறுபடி முதலில் இருந்து எழுப்பினார். நனையாத போனை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தார். ரூபனிடம் சொல்லி முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்கவும் வைத்தார். அங்கே நின்று தேங்காய் அடிக்காமல் ஒரு வண்டி போகாது, போன் மட்டும் எப்படிப் போகும்? வட்டம் சுற்றியது.

ஒவ்வொரு நாளும் ஞானேஸ்வரி வந்தார். சண்டை பிடிக்கவில்லை. அதுதான் கோகுலனால் தாங்க முடியாததாக இருந்தது. வாங்கில் ஒரு ஓரமாக அமர்ந்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு கதை சொன்னார்.

"தலைவர் வீட்டடியாலை வந்தனான் தம்பி. என்னைக் கண்டவுடனை மாடு கத்திச்சுது. மடி கட்டிப்போய் நிக்குது, அவைக்கு ஒழுங்காய்க் கறக்கத் தெரியேல்லை. வீட்டிலை கண்டுக்குட்டி கத்துது. நான் எந்தப் பக்கம் போக?"

கோகுலன் அன்று நேரத்தோடே கிளம்பினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அந்த மனுசி ஒரு படத்தை அனுப்பத்தானே கேட்டது?" என்றாள் கௌசலா. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாளைக்கு அந்த மாடு தங்கராசாண்ணையின்ரை பட்டிக்குப் போனால் நீங்கள் எந்த முகத்தோடை சந்தியிலை நிப்பியள்?"

கோகுலனுக்கு வெட்கம் வந்தது. உண்மையான வெட்கம். அழுகையும் கிட்ட வந்து நின்றது. அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன நினைப்பான்? 'இனி ஒருத்தற்றை போனையும் தொடமாட்டன்' என்று நினைப்பான். கோகுலன் நினைத்தது, 'இன்னொருக்கால் குப்பையைத் துடைச்சுப் பார்ப்பம்.'

சனிக்கிழமை கமக்காரர் மண்டபத்தில் கதிரை போதாமல் சனம் நின்றது. முன்னால் மேசை, மேசைக்குப் பின்னால் நல்லதம்பி. ஒரு பக்கம் ஞானேஸ்வரி, மறுபக்கம் தங்கராசா. சாளரத்தடியில் கோகுலன், கையில் போன், போனில் வட்டம்.

"ஞானேஸ்வரி, ஆதாரம் எங்கை?"

"கோகுலன் தம்பியின்ரை போனுக்கை, ஐயா."

"தங்கராசா, உம்மடை ஆதாரம்?"

தங்கராசா தொண்டையைச் செருமினார். "என்னட்டையும் படம் இருந்தது. போன மாசம் போன் கொஞ்சம் இழுபடுதெண்டு..." அவருடைய கண்ணும் சாளரத்தடிக்குப் போனது. "அதுவும் உவர்ட்டைத்தான்."

மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "என்ரை மகளின்ரை கலியாண வீடியோவும் அதுக்கைதான்!" இன்னொரு குரல், "எங்கடை காணி உறுதியின்ரை படம்!" கோகுலனின் பெருவிரல் பொத்தான் பக்கமாகப் போனது. அணைத்து, துடைத்து, மறுபடி...

"நிப்பாட்டும்!" என்று மேசையில் அடித்தார் நல்லதம்பி. "உந்தச் சாமானைக் கொண்டுவந்து இதிலை வையும். கூட்டம் முடியுமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது."

போன் மேசைக்குப் போனது. கோகுலன் வெறுங்கையோடு நின்றார். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே அசைந்தன. தலைவரோ, இரண்டு பக்கமும் ஆதாரம் இல்லாத நிலைமையில், மாடு இன்னும் கொஞ்சக் காலம் பொதுவான இடத்திலேயே நிற்பதன் நன்மைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நல்லதம்பி பேசத் தொடங்கினால் வாய்க்கால் தண்ணீர் போல, திறக்கத்தான் தெரியும், பூட்டத் தெரியாது. உரமானியம் பேசினார். யானை வேலி பேசினார். ஒற்றுமை பேசினார். அந்த மண்டபத்தில் அன்று நித்திரை கொள்ளாமல் வேலை செய்த ஒரே சீவன் மேசையில் கிடந்த போன்.

அடைகாக்கிற கோழியை நிமிசத்துக்கு ஒருதரம் தூக்கிப் பார்த்தால் குஞ்சு எப்படிப் பொரிக்கும்? புதிதாக இடம் கிடைத்த மூன்றாவது சிஸ்டம் தன் சாமான் சட்டியை எல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டு எழும்பக் கொஞ்ச நேரம் கேட்டது. அவ்வளவுதான். பாதி அடுக்கி முடிக்கிற நேரம் பார்த்துக் கோகுலன் வந்து எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிடுவார். அது மறுபடி முதலில் இருந்து அடுக்கும். மூன்று நாளாக அது கேட்டது ஒன்றே ஒன்று, அவருடைய கை எடுபடுவது. ஒற்றுமையின் அவசியத்தைத் தலைவர் மூன்றாம் தரம் வலியுறுத்தியபோது, மேசையில் "டிங்" என்று ஒரு சத்தம். திரை வெளிச்சமாகியது.

"எழும்பிட்டுது!" என்று பாய்ந்தார் கோகுலன்.

அவர் மேசைக்கு வந்த வேகத்துக்கும் திரையில் ஒரு சின்ன அறிவித்தல் முளைத்ததற்கும் சரியாக இருந்தது. 'புதிய பதிப்பு தயார். இப்போது நிறுவலாமா?' கோகுலனின் கண்கள் விரிந்தன. மண்டபம் மறைந்தது. மாடு மறைந்தது. தலைவர் மறைந்தார். உலகத்தில் அந்த ஒரு கேள்வியும் ஒரு சுட்டுவிரலும் மட்டும் மிஞ்சின. விரல் இறங்கியது.

கண்ணாடிக்கு ஒரு நூல் மேலே அந்த மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. பால் கறந்து கறந்து உரமேறிய கை. பிடித்தால் பிடித்ததுதான்.

"தம்பி," என்றார் ஞானேஸ்வரி. இத்தனை நாளும் 'ங்கோ' போட்டுக் கதைத்த மனுசி. "கையை எடு."

கோகுலன் கையை எடுத்தார். திறக்கிற இலக்கத்தை வாயால் மட்டும் சொல்லும்படி தங்கராசா கட்டளையிட்டார். அந்த ஒரு விசயத்தில் எதிரிகள் இருவரும் ஒரே கட்சி. கௌசலா முன்னுக்கு வந்து திறந்து, படத்தைத் தேடி எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தாள். மாலை போட்ட கன்று. பக்கத்தில் ஞானேஸ்வரி. வட்டத்துக்குள் ஒரு கோடு.

தலைவர் படத்தைப் பார்த்தார். பால்தேத்தண்ணி கண்ணுக்கு முன்னால் ஆவியாகிப் போவது அவருடைய முகத்தில் தெரிந்தது. தங்கராசா விடவில்லை, எட்டிப் பார்த்தார்.

"இஞ்சை பாருங்கோ, படத்துக்குக் கீழை 1970 எண்டு கிடக்கு! நான் அப்ப பிறக்கவே இல்லை. இந்த மாடு எப்பிடிப் பிறந்தது? இது உந்த மாடே இல்லை."

மண்டபம் சலசலத்தது. மூன்றாவது சிஸ்டம் தனக்குள் வந்ததற்கெல்லாம் தன் ஆண்டையே போட்டுவைத்திருந்தது. இதை விளக்கிச் சொல்லக் கோகுலன் வாயைத் திறந்தார், பிறகு எல்லோருடைய முகத்தையும் பார்த்து மூடிக்கொண்டார்.

"நானும்தான் பிறக்கேல்லை," என்றார் ஞானேஸ்வரி. "படத்திலை நிக்கிறன் எல்லோ?"

முதலில் கௌசலா சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தங்கராசாவின் படத்தையும் தேடித் திறந்தார்கள். புது மோட்டார் சைக்கிளில் கறுப்புக் கண்ணாடியோடு தங்கராசா கம்பீரமாக இருந்தார். ஓர் ஓரத்தில் ஏதோ ஒரு மாட்டின் வால் தெரிந்தது. வாலில் குறி சுடுவது எங்கள் ஊர் வழக்கம் இல்லை.

பின்னேரம் சிவப்புப் பசு தன் வீட்டுக்கு நடந்தது. கயிறு ஞானேஸ்வரியின் கையில் தொய்ந்துதான் கிடந்தது, இழுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. படத்தை அன்றைக்கே பெரிதாக அச்செடுத்து, ஒன்றை அலுமாரிக்குள் வைத்தார், ஒன்றை மகளுக்கு அனுப்பினார். போனைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

கோகுலனுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? நல்ல மனம் உங்களுக்கு. மண்டபத்திலிருந்து வெளியே வரும்போதே யாரோ ஒரு புண்ணியவான், "எண்டாலும் கோகுலன் பிரதி எடுத்து வைச்சபடியால்தானே படம் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டான். அது காணாதா? திங்கட்கிழமை சந்தியில் கதை முழுதாக மாறியிருந்தது. "மூண்டாவது சிஸ்டம் இல்லாட்டில் அந்த மனுசியின்ரை மாடு போயிருக்கும். ஒரு சிஸ்டம் வைச்சிருக்கிறவையை நினைக்கப் பாவமாய்க் கிடக்கு," என்று ரூபனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கமக்காரர் அமைப்பின் தலைவர் நல்லதம்பி சைக்கிளை விட்டு இறங்கினார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்துக் காதில் வைத்தார். கோகுலன் அதையே பார்த்தார்.

"ஐயா, கொஞ்சம் இழுபடுது, என்ன?"

"ஓம் தம்பி, கொஞ்சம் இழுபடுதுதான்," என்றார் தலைவர்.

சரி, கோகுலனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள். இனி ஒரு சின்னக் கேள்வி. மூன்று நாளும் அவர் அந்தக் குப்பையைத் துடைத்துத் துடைத்து எழுப்பியதை வாசித்தபோது, 'அப்பிடிச் செய்யக்கூடாது, நான் எண்டால் முதல் இதைத்தான் செய்திருப்பன்' என்று மனதுக்குள் ஒரு குரல் கேட்டதா? பக்கத்தில் மனைவியின் போனோ பிள்ளையின் போனோ கிடந்தால் அதன் மூலையில் ஏதாவது அறிவித்தல் நிற்கிறதா என்று கண் ஒருதரம் போய் வந்ததா? இல்லை என்றால் மெத்தச் சந்தோசம். கேட்டது, போய் வந்தது என்றால், வீட்டிலிருப்பவர்களை மெல்லத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் தங்கள் போன்களை எடுத்து மடிக்குள் ஒளித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு உங்களை எப்போதோ தெரியும்.